திறக்காத படமும் சந்தியில் தொங்கிய நானும்

யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் ‘கொம்பியூட்டர் தெரிஞ்ச ஆள்’ என்று நேர்ந்துவிடப்பட்டிருப்பார். அவர் அதைப் படித்தாரா, சோதனை எழுதினாரா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. என்றோ ஒரு நாள் யார் வீட்டிலோ கழன்று கிடந்த பிரிண்டர் வயரைச் செருகிவிட்டிருப்பார். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஊரில் எது ஓடாமல் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

எங்கள் குடும்பத்தில் அந்த ஆள் நான். (வயரைச் செருகியதுகூட நானில்லை, என் மனைவி வாசுகி. நான் பக்கத்தில் நின்று “இப்ப போட்டுப் பாருங்கோ” என்று சொன்னவன். பெயர் எனக்கு வந்துவிட்டது. வந்த பெயரை வேண்டாம் என்று சொல்லுகிற அளவுக்கு நான் மகானும் இல்லை.) அந்தப் பெயர் எப்படிப் போனது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

பெரியப்பா, அதாவது என் அப்பாவின் அண்ணன், நீர்வேலியில் வாழைத்தோட்டம் வைத்திருந்தவர். எழுபத்தொன்பது வயதில், ஒரு நாள் காலை தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு வந்து கதிரையில் இருந்தவர் எழும்பவில்லை. நல்ல சாவு என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படிச் சொல்லாத ஒருத்தி, அவருடைய ஒரே மகள் சுதா. அவள் கனடாவில், நிறைமாத வயிற்றோடு இருந்தாள். விமானத்தில் ஏறுகிற பேச்சே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

“ரவியண்ணை, மற்றதெல்லாம் நீங்கள் ஆக்கள் பாப்பியள். எனக்கு ஒண்டே ஒண்டு செய்து தாங்கோ,” என்றாள் ஃபோனில். “சந்தியிலை கட்டுற கண்ணீர் அஞ்சலிப் பனருக்கு நான் அனுப்புற படத்தைப் போடுங்கோ. வீட்டிலை தொங்குற படம் வேண்டாம்.”

அவள் சொன்னது நியாயம். பெரியப்பா இங்கே எடுத்த எந்தப் படத்திலும் சிரித்ததில்லை. வாழைக்குலை வெட்ட வந்த கள்ளனைப் பார்ப்பதுபோலவே கமராவையும் பார்ப்பார். கனடாவுக்குப் போனபோது மட்டும் சுதா அவரை நயாகராவில் படகில் ஏற்றியிருக்கிறாள். நீல நிறப் பிளாஸ்ரிக் மழைக்கோட்டு, முகமெல்லாம் தண்ணீர், மேல்வரிசைப் பல் இல்லாத வாயை முழுவதும் திறந்து சிரித்துக்கொண்டு நிற்கிறாராம். சுதா எடுத்த படம்.

“நான் வந்து நிக்க ஏலாத இடத்திலை, நான் எடுத்த படமாவது நிக்கட்டும் அண்ணை.”

அதற்கு நான் சொன்ன பதில்: “நீ ஒண்டுக்கும் யோசியாதை. எனக்கு அனுப்பு, நான் பாத்துச் செய்யிறன்.” (இந்தக் கடைசி மூன்று சொற்களை என்னைச் சொல்லவிடாமல் தடுக்க ஒரு சட்டம் வந்தால் குடும்பத்தில் எல்லோரும் கையெழுத்து வைப்பார்கள்.)

யாழ்ப்பாண ரவுணில் இருந்த பனர்க்கடைக்காரர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். “வட்ஸ்அப்பிலை வந்தாப் படம் மங்கும் தம்பி. மெயிலிலை ஒரிஜினலா எடுங்கோ. நான் கடை பூட்ட முந்தித் தந்தாத்தான் விடியக் கட்டலாம். பிரேதம் எடுக்கிறது நாளைக் காலமைதானே.”

மத்தியானம் சுதாவின் மெயில் வந்தது. இணைப்பும் இருந்தது. தட்டினேன். திறக்கவில்லை. இந்த வகைக் கோப்பைத் திறக்கும் வசதி என்னிடம் இல்லை என்று லப்டொப் மரியாதையாகச் சொன்னது. அவளுடைய புதிய ஃபோன் ஏதோ புதிய வகையில் படத்தைப் பதிந்து வைத்திருந்தது.

செத்தவீட்டில் வேலையில்லாத ஆம்பிளைகளுக்குக் குறைவிருக்காது. கொஞ்ச நேரத்தில் என் கதிரைக்குப் பின்னால் ஒரு சபையே கூடிவிட்டது. ஆளுக்கொரு யோசனை. “நிப்பாட்டிப் போட்டுத் திருப்பிப் போடடா.” நிற்பாட்டிப் போட்டேன். திறக்கவில்லை. கோப்பின் பெயரில் கடைசியாக இருந்த எழுத்துகளை அழித்துவிட்டு, வழமையான படங்களுக்கு இருக்கும் எழுத்துகளைப் போட்டேன். (பெயரை மாற்றினால் ஆள் மாறிவிடும் என்கிற நம்பிக்கை. எண்சாத்திரக்காரருக்கு அடுத்தபடி கொம்பியூட்டர்காரருக்குத்தான் அது உண்டு.) திறக்கவில்லை.

அப்போதுதான் மூலையில் அந்தச் சின்னக் கட்டம் கண்ணில் பட்டது. ‘புதிய அப்டேட் தயாராக உள்ளது. இப்போதா, பிறகா?’ பல மாதமாக அது கேட்டுக்கொண்டிருக்கிறது, நான் ‘பிறகு’ என்று தள்ளிக்கொண்டிருந்தேன். லப்டொப்புக்கு வந்த வருத்தம் இதுதான் என்று சபைக்கு விளக்கம் சொல்லிவிட்டு, ‘இப்போது’ என்பதை அழுத்தினேன்.

ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. சபைக்குத் தேநீர் வந்தது. அது முடிந்து வெற்றிலை வந்தது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. “என்னடா, படம் வந்திட்டுதோ?” என்று சித்தப்பா கேட்டார். “வருது சித்தப்பா, உள்ளுக்கை வேலை நடக்குது,” என்றேன்.

வேலை நடந்துதான் இருந்தது. எழும்பி வந்த லப்டொப் புதுமாப்பிள்ளை மாதிரி இருந்தது. எல்லாம் இடம் மாறி, நிறம் மாறி, மினுமினுத்தது. சுதாவின் படம் இன்னமும் திறக்கவில்லை. அதைவிட, காலையில் திறந்தவையும் இப்போது திறக்கவில்லை. என் சம்பளச் சீட்டு, மகளின் பள்ளிக்கூட அறிவித்தல், கரண்ட் பில், எந்த மெயிலின் இணைப்பைத் தட்டினாலும் வெறும் வெள்ளைப் பக்கம் வந்தது. சிலவேளை, இதை எதில் திறக்க விருப்பம் என்று என்னையே கேட்டது. அது எனக்குத் தெரிந்திருந்தால் நான் ஏன் அதைக் கேட்கிறேன்?

அந்த நேரம் பார்த்துச் சுதா கூப்பிட்டாள். “அண்ணை, படம் திறந்திட்டியளோ?”

சபை மூச்சடக்கிக்கொண்டு என் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தது.

“ஓம் ஓம். வலு கிளியர்,” என்றேன்.

பிறகு யோசித்தேன். நான் ஏன் திறக்க வேண்டும், கடைக்காரர் திறந்தால் போதுமே. சுதாவின் மெயிலையும் பனரில் போட வேண்டிய வசனங்களையும் அவருக்கு அப்படியே அனுப்பினேன். அனுப்பியதும் ஒரு சந்தேகம். இந்த அப்டேட்டுக்குப் பிறகு என் மெயிலில் இணைப்புகள் ஒழுங்காகப் போகின்றனவா? பழுது எந்தப் பக்கம் என்று முதலில் பிரித்தறிய வேண்டும் என்று எங்கோ வாசித்திருந்தேன். ஆகவே விஞ்ஞான முறைப்படி, ஒரு சோதனைக்காக, பழைய வகைப் படம் ஒன்றைத் தனி மெயிலில் அனுப்பினேன். கைக்கு அகப்பட்டது பாஸ்போட்டுக்கு எடுத்த என்னுடைய படம். அவசரத்தில் மெயிலில் ஒரு வசனமும் எழுதவில்லை.

உடனே கடைக்கு ஃபோன் எடுத்தேன். “மெயில் கிடைச்சுதோ? படம் திறக்குதோ?”

“திறக்குது தம்பி. நல்ல கிளியர்.”

எனக்கு ஆனந்தம். பெரியப்பாவின் படம் திறந்துவிட்டது என்று நான் நினைத்தேன். முதல் மெயில் திறக்காததால் சரியான படத்தை நானே திரும்ப அனுப்பியிருக்கிறேன் என்று அவர் நினைத்திருக்கிறார். புத்தியுள்ள எந்த மனிதனும் அப்படித்தான் நினைப்பான்.

இதோடு விட்டிருந்தால்கூடத் தப்பியிருக்கலாம், ஏனென்றால் அவர் ஒழுங்கான ஆள். அடிக்க முன்னம் பனரின் மாதிரியைப் பார்வைக்கு அனுப்பினார். மெயிலில்தான். இணைப்பாகத்தான். நான் தட்டினேன். வெள்ளைப் பக்கம்.

“பாத்தியளோ தம்பி? அடிக்கவோ? கடை பூட்டப் போறன்.”

பின்னால் சித்தப்பா எட்டிப் பார்த்தார். அவர் மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். நான் அந்த வெள்ளைப் பக்கத்தைத் தலையைச் சரித்துக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தேன். ஒரு குறையும் சொல்லாவிட்டால் மதிப்பில்லையே என்று தோன்றியது.

“பேரை மட்டும் கொஞ்சம் பெரிசாக்குங்கோ. மற்றும்படி வடிவா இருக்கு. அடியுங்கோ.”

மறுநாள் விடிய, ஊர்ப் பெடியள் பனரை வாங்கி வந்து சந்தியில் கட்டிவிட்டார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. பெரியப்பா வீட்டு வாசல் படலையடியில், வெற்றிலைத் தட்டத்தோடு நின்று வருகிற ஆட்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஒரு பெரியவர் வெற்றிலையை எடுத்தார், என் முகத்தைப் பார்த்தார், எடுத்த வெற்றிலையைத் திரும்பத் தட்டத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார். துக்கத்தில் என் முகம் வாடியிருக்கிறது போலும் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது பருத்தித்துறை மாமி சந்தியில் பஸ்ஸால் இறங்கி, ஒழுங்கை முழுவதும் குழறிக்கொண்டு வந்தாள்.

“ஐயோ என்ரை ராசா, ரவி, பெரியப்பனோடை நீயுமெல்லோ போயிட்டாய், உன்ரை பிள்ளையை ஆரடா பாக்கிறது…”

படலைக்கு வந்து நிமிர்ந்தவள் என்னைக் கண்டாள். குரல் நின்றது. கையை நீட்டி என் கன்னத்தை ஒருமுறை கிள்ளிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்த கதிரையில் பொத்தென்று இருந்தாள்.

“தண்ணி தாங்கோ பிள்ளையள்,” என்றாள்.

நான் சந்திக்கு ஓடினேன்.

ஒரு கட்டில் அளவு பனர். நடுவில் நான். பாஸ்போட்டுக்குச் சிரிக்கக்கூடாது என்று ஸ்ரூடியோவில் சொன்னதால், பொலிஸ் பிடித்துவைத்த ஆள்போல விறைத்த முகம். இரண்டு காதும் முழுதாகத் தெரிந்தன. கீழே நான் கேட்டபடியே பெரிசாக்கிய எழுத்தில், ‘அமரர் செல்லத்துரை, வயது 79’. அதற்கும் கீழே சுதா தன் கைப்பட எழுதி அனுப்பிய வசனம்: ‘எங்கள் வீட்டின் சிரிப்பே, எங்கே போனாய்?’

பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். “எழுபத்தொன்பது வயதாம். மனுசன் உடம்பை நல்லா வைச்சிருந்திருக்கு.” பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு என்ன ஆனது என்று பார்க்க நான் நிற்கவில்லை. பை விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

கடைக்காரருக்கு ஃபோன் எடுத்துக் கத்தினேன். “இளமைக்காலப் படம் போடுறது வழமைதானே தம்பி. நீங்கள்தானே பாத்து வடிவெண்டு சொன்னனியள்,” என்றார்.

வீட்டுக்கு வந்தால், வாசுகி ஃபோனை நீட்டிக்கொண்டு நின்றாள். “சுதா மச்சாள்.” கனடாவில் இருப்பவர்களுக்காகச் செத்தவீட்டை நேரலையில் காட்டிக்கொண்டிருந்தார்கள். கமராக்காரர் கலையுணர்ச்சியோடு சந்தியிலிருந்துதான் தொடங்கியிருக்கிறார். முதல் காட்சியே பனர்.

ஃபோனில் ஒரு விக்கல் சத்தம்தான் கேட்டது. நிறைமாதக்காரி. “சுதா, அழாதையம்மா. என்னை மன்னிச்சுக்கொள்…”

“ரவியண்ணை,” என்றாள் விக்கலுக்கிடையில், “நீங்கள் எப்ப செத்தனியள்?”

அவள் அழவில்லை. மூச்சு வாங்க வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான்தான் அழுதேன். அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டது ஒரே ஒரு காரியம். தகப்பனின் முகத்தைக்கூடப் பார்க்க வர முடியாதவள் கேட்ட ஒரே காரியம். அதற்குப் பதிலாக என் காதைப் பெரிசாக்கிச் சந்தியில் கட்டி வைத்திருக்கிறேன். வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

வாசுகி ஃபோனை என் கையிலிருந்து வாங்கினாள். “மச்சாள், அந்தப் படத்தை உங்கடை ஃபோனிலை திறவுங்கோ. திறந்து வைச்சுக் கொண்டு அப்பிடியே ஒரு ஸ்கிரீன் ஷொட் எடுத்து வட்ஸ்அப்பிலை போடுங்கோ.”

அவ்வளவுதான் வேலை. படம் வந்துவிட்டது, வந்த கையோடு அதைக் கடைக்காரருக்கும் அனுப்பிவிட்டாள். நேற்று மத்தியானம் தொடங்கி நான் செய்த விஞ்ஞானம் முழுவதும் ஒரு நிமிடத்தில் முடிந்தது.

“மங்கலா வருமெண்டு கடைக்காரர் சொன்னவர்,” என்றேன், மிச்சமிருந்த நிபுணத்துவத்தோடு.

“வரட்டும். ஆள் சரியான ஆளா இருந்தாப் போதும்,” என்றாள்.

கடைக்காரர் மோட்டார்சைக்கிளில் புதுப் பனரோடு வந்து சேர்ந்தபோது, பறைச்சத்தம் ஒழுங்கை முகப்புக்கு வந்துவிட்டது. பழையதை அவிழ்க்கவோ புதியதைக் கட்டவோ நேரமில்லை. அவர் ஒரு முனையையும் நான் மற்ற முனையையும் பிடித்து விரித்துக்கொண்டு சந்தியில், பழைய பனருக்குக் கீழே நின்றோம். அந்தக் காட்சியும் நேரலையில் போனது. மேலே செத்துப்போன நான். கீழே அதே ஆள் வியர்த்து வழிந்துகொண்டு. என் கையில், மழைக்கோட்டோடு வாய் திறந்து சிரிக்கிற பெரியப்பா. படம் மங்கல்தான். சிரிப்பு மங்கவில்லை. பாடைக்குப் பின்னால் வந்த அவருடைய தோட்டக் கூட்டாளி ஒருவர் ஒரு நிமிடம் நின்று பார்த்தார். “உவன் உப்பிடியும் சிரிப்பானோ,” என்று தனக்குள்ளே சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தார்.

அதன் பிறகு குடும்பத்தில் எந்தக் கலியாணத்தில் படம் எடுத்தாலும், “ரவியைத் தனியா ஒண்டு எடுத்து வையுங்கோ, பிறகு அவசரத்திலை தேட ஏலாது,” என்று ஒரு குரல் வரும். பருத்தித்துறை மாமி இப்போதும் என்னைக் கண்டால் முதலில் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் கதைப்பாள்.

போன வருடம் சுதா மகனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டுப் பின்வளவுக்குப் போனவள், கோழிக்கூட்டின் முன்னால் நின்றுவிட்டாள். அந்த முதல் பனர் நல்ல தடிப்பான சாமான், வாசுகி அதைக் கூட்டுக்குக் கூரையாகப் போட்டிருக்கிறாள். வெயிலில் வெளிறி, மழையில் நனைந்து, நான் அங்கே மல்லாந்து கிடக்கிறேன். சுதா பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் கூரையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

“அண்டைக்கு நீங்கள் என்னை அழ விடேல்லை அண்ணை,” என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு. “அப்பா போன நாளை நினைச்சா இந்த மூஞ்சைதான் முதல்லை வருது. அதாலைதான் அந்த நாளை நினைக்கவே முடியுது. இதை நான் கனடாவுக்குக் கொண்டு போகட்டோ?”

கொண்டு போ என்று சொல்ல வாயெடுத்தேன். வாசுகி முந்திவிட்டாள்.

“உந்தப் பனரைத் தர ஏலாது மச்சாள்,” என்றாள். “கோழியள் நனையும். அதோடை, பேரையும் வயதையும் மாத்தினா, பிறகு இவருக்கு இதையே பாவிக்கலாம்.”