மடையான்களைக் காத்த மேலான குழு

இந்த நாட்டில் பறவைகளுக்கு உண்மையான பாதுகாப்பு கொடுப்பது பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்றுதான். சந்தேகம் இருந்தால் நன்னிலம் பக்கத்துக் காத்தானைக் கேளுங்கள். அவர் தன் நிழலையே நம்பாத மனிதர்.

அவர் மகள் நீலாம்பாள் ‘சமுதாயக் கல்லூரி’யில் ஓராண்டுப் பட்டயம் படித்து முடித்தாள். அடுத்து வனவிலங்குப் பாதுகாப்புப் பட்டம்; பல்கலைக்கழகத்தில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர விண்ணப்பித்திருந்தாள். ஊர்க் குளத்து மரங்களில் மடையான் என்னும் குளத்துக் கொக்குக் கூட்டம் அடைவதைப் பற்றி அவள் ஆய்வு எழுதியிருந்தாள். அதைக் குழு நேரில் வந்து பார்க்கும். உண்மையென்றால் சீட்டு. இல்லையென்றால் திருப்பூர் பனியன் கம்பெனி.

“காட்டு மிருகம் படிக்க இந்த ஊர்ல ஏது புள்ள காடு?” என்றார் காத்தான்.

“வயலும் வாழிடம்தான்ப்பா.”

“குத்தகைச் சண்டையில கொடி புடிச்சு ஒதை வாங்குனோமே, எங்களுக்கே அது வாழிடமா இல்ல. கொக்குக்கு மட்டும் எப்புடி?”

கட்சியின் ஒன்றியச் செயலாளர் துரைராசு வந்து சேர்ந்தார். அவர் வராமல் எந்தக் கல்வியும் வளர்ந்ததில்லை.

“யோவ் காத்தான், பெரியவங்க வர்றாங்க. சோத்துல கொறை வெச்சா சீட்டு போயிரும். நம்ம ஊரு விருந்துன்னா மடையான் வறுவல் இல்லாமலா?”

“அதப் புடிக்கவே கூடாதுன்னு பொண்ணு சொல்லுதுங்க.”

“காடைன்னு சொல்லிக்கிட்டாப் போச்சு. கொக்கு முக்கியமா, பொண்ணு முக்கியமா?”

காத்தானுக்குப் பொண்ணுதான் முக்கியம். அவள் ஜெராக்ஸ் எடுக்கத் திருவாரூர் போன நேரம் பார்த்து வலையோடு குளத்துக்குப் போனார். குழுவுக்கு, டிரைவர்களுக்கு, ஒன்றியத்துக்கு, கிளைக்கு என்று ஆள் கூடிக்கொண்டே போனது. அவரும் வீசிக்கொண்டே இருந்தார்.

குழு வந்தது. முதலில் சாப்பாடு, அதுதான் ‘நடைமுறை’. தலைவர் பேராசிரியர் தியாகேசன் எலும்புத் துண்டை வைத்தே பறவையின் இனம் சொல்லும் மேதை. ஒரு எலும்பை உறிஞ்சினார். கண்ணை மூடி யோசித்தார்.

“அசல் காடை! இன்னும் ரெண்டு வைங்க.”

பிறகு வெற்றிலையோடு குளத்துக்கு நடந்தார்கள். மரங்கள் மொட்டையாக நின்றன.

“எங்கம்மா உன் மடையான்?”

நீலாம்பாள் மரத்தைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள். “அப்பா, நேத்து வலை ஈரமா கெடந்துச்சே?”

காத்தான் துண்டை உதறித் தோளில் போட்டார். “ஐயா, தப்பு என்னுது. பொண்ணு எழுதுனது நெசம். மடையான் எங்கேன்னு உங்க எலையில போயிப் பாருங்க, எலும்பு கெடக்கும்.”

குழு அங்கேயே அவசரக் கூட்டம் போட்டது. பேராசிரியர் ஏப்பம் விட்டு முடிவைச் சொன்னார்: “சாப்பிட்டது காடை என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறது. ஆகவே இந்த ஊரில் மடையானே கிடையாது. ஆய்வு பொய்.”

நீலாம்பாளுக்குச் சீட்டு இல்லை. அதற்காகக் குழுவைக் குறை சொல்லாதீர்கள். நன்னிலத்து மடையான் அத்தனையும் இன்று வனவிலங்குப் பாதுகாப்புத் துறையின் வயிற்றில் பத்திரமாக இருக்கின்றன. அங்கே போய் எவன் வலை வீச முடியும்?