ஐந்தாவது தட்டு

கைதட்டலைக் காணவில்லை.

புரூஃப்காரர் ஹெட்போனைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். நாலாவது பாட்டு, மூன்றாவது அடி, எட்டுப் பெண்களும் ஒரே நேரத்தில் மூச்சை இழுக்கும் இடம். நாலு தட்டு ஒழுங்காக விழுந்தது. ஐந்தாவது விழ வேண்டிய இடத்தில் கழுவித் துடைத்த மாதிரி அமைதி.

“முழுங்கிட்டாங்க,” என்றார்.

சாப்பாட்டு மேஜையின் மறுமுனையில் கணக்கு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. “யாரு, எதை?”

“அஞ்சாவது தட்டை.”

“அதுவா,” என்று அவள் அடுத்த தாளை எடுத்தாள்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் வாய்க்கால் ஓரமாக ஒரு கொட்டகையில், சாயங்கால நேரத்தில், ஒரே ஒரு மைக்கை வைத்து எட்டுப் பெண்களைப் பாட வைத்துப் பதிவு செய்த அறுவடைப் பாட்டுகள் அவை. முதலில் இசைத்தட்டாக வந்தது. பிறகு இரண்டு முறை ரீமாஸ்டர் செய்தார்கள். ரீமாஸ்டர் என்றால் பழைய டேப்பை எடுத்துத் தூசி தட்டித் தெளிவாக்குவது என்று கல்யாணமான புதிதில் மனைவிக்கு விளக்கியிருந்தார். “தூசி தட்ட ஒரு தடவை போதாதா?” என்று அவள் அன்றைக்குக் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

இந்தப் பதிப்புகளை ஒப்பிட்டுக் கேட்பதற்கென்றே ஒரு சங்கம் இருந்தது. பதினொரு பேர். ஒற்றை மைக் ஒலியை இரண்டு காதுக்கும் பிரித்துப் போட்டதில், முதல் ரீமாஸ்டரில் அந்த ஐந்தாவது தட்டு இடது காதில் கேட்கும். இரண்டாவதில் வலது காதுக்கு மாறிவிட்டது. அதனால் சங்கமும் இடதுக்காரர்கள், வலதுக்காரர்கள் என்று பிரிந்து, இடைவேளையில் தனித்தனியாகத் தேநீர் குடித்தது. புரூஃப்காரரை மட்டும் இரண்டு தரப்பும் மதித்தன. அவருக்குப் பாம்புச் செவி என்று பேர்.

இப்போது மூன்றாவது ரீமாஸ்டர் வரப்போகிறது; அதன் மாதிரியைத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கூடவே ஒரு சின்னப் புத்தகம். அதற்கு முன்னுரை எழுதும் வேலையைச் சங்கத் தலைவர் இவரிடம் கொடுத்திருந்தார். பாடப்புத்தக அச்சகத்தில் இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் பிழையைத் திருத்துகிறவர். அவர் பேர் அச்சில் வந்தது ஒரே ஒரு தடவை, கல்யாணப் பத்திரிகையில். அதிலும் எழுத்துப் பிழை. செத்துப்போவதற்குள் ஒரு தடவையாவது தன் பேர் பிழையில்லாமல் அச்சாக வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆசை.

முன்னுரை முழுக்க அந்தத் தட்டைப் பற்றித்தான் எழுதியிருந்தார். ‘நாலு தட்டு உழைப்பு; ஐந்தாவது தட்டு ஒரு பெண் மண்ணைப் பார்த்துக் கேட்ட கேள்வி.’ தலைவர் இதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். பாட்டில் தட்டு இல்லையென்றால் புத்தகத்தில் முன்னுரை இல்லை. முன்னுரை இல்லையென்றால் பேரும் இல்லை.

சவுண்ட் இன்ஜினியருக்குப் போன் போட்டார்.

“அசல் டேப் அந்த இடத்துல நைஞ்சுபோச்சு சார்,” என்றான் அவன். “அதைச் சரி பண்ணும்போது தட்டும் போயிடுச்சு. யாரோ தெரியாம தட்டினதுன்னு நினைச்சேன்.”

“தெரியாம தட்டினதா? தம்பி, அதுதான் இந்த ஆல்பத்தோட உயிர்.”

“அப்ப உங்க பழைய ரெக்கார்டுலேர்ந்து அந்த இடத்தை மட்டும் பதிவு பண்ணி அனுப்புங்க. ஒட்டிடறேன். நாளைக்கு நாலு மணிக்குள்ள வேணும்.”

மறுநாள் லீவு போட்டார். இசைத்தட்டை ஓடவிட்டு, ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கை வைத்தார். முதல் பதிவில் மின்விசிறிச் சத்தம் விழுந்தது. விசிறியை நிறுத்தினார். அடுத்ததில் பிரிட்ஜின் உறுமல். அதையும் நிறுத்தினார். மூன்றாவதில் ‘சரக், சரக்’ என்று ஏதோ கேட்டது.

“என்ன அது?”

“ரெண்டு கணக்கு தப்பு. அடிச்சேன்,” என்றாள் மனைவி. அன்றைக்குப் பள்ளி விடுமுறை.

“உள்ளே போய் அடியேன்.”

அவள் விடைத்தாள் கட்டோடு படுக்கையறைக்குப் போனாள். போகும்போது, “பிரிட்ஜுல பால் இருக்கு. திரிஞ்சா நீங்கதான் குடிக்கணும்,” என்றாள்.

ஆறாவது தடவை ஓடும்போது கதவு தட்டப்பட்டது. கீழ் வீட்டு டெய்லரக்கா. அறுபது வயசு, கழுத்தில் அளவு நாடா, உதட்டில் ஒரு குண்டூசி. குண்டூசியை எடுத்துவிட்டுப் பேசினார்.

“தம்பி, காலையிலேர்ந்து நாலாவது பாட்டே ஓடுது. ஊசியில நூல் கோக்க முடியல. அஞ்சாவதுக்குப் போங்களேன், அது நல்லாருக்கும்.”

“இது ஆராய்ச்சி அக்கா. சொன்னா உங்களுக்குப் புரியாது.”

“சொல்லுங்க, பாப்போம்.”

“நாலு தட்டுக்கு அப்புறம் அஞ்சாவதா ஒண்ணு வருதில்ல, அது.”

டெய்லரக்கா குண்டூசியை முந்தானையில் குத்திக்கொண்டார். “அதுல என்ன இருக்கு?”

“அதுலதான் எல்லாம் இருக்கு.”

“சரிதான். இன்னொரு தடவை போட்டீங்கன்னா கீழேருந்து கம்பால இடிப்பேன்,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மூன்றரை மணி. கீழே சத்தம் போகாமலிருக்க ஸ்பீக்கருக்கு அடியில் இரண்டு தலையணை வைத்தார். தலையணை வைத்ததில் தட்டு மந்தமாகிவிட்டது. அதைத் தூக்கலாக்க வால்யூமைக் கூட்டினார். கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாவது தடவை பதிவு செய்தார்.

போட்டுக் கேட்டபோது உடம்பெல்லாம் புல்லரித்தது. ‘டப்’ என்று அந்தத் தட்டு. அதையடுத்து, ஒரு கணம் விட்டு, தரைக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி ‘தொம்’ என்று இன்னொன்று. இத்தனை வருஷம் கேட்டும் காதில் விழாத சத்தம். விசிறியையும் பிரிட்ஜையும் நிறுத்தினால்தான் கேட்குமளவு நுணுக்கமானது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நாலு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது அனுப்பிவைத்தார்.

கீழே டெய்லரக்கா கம்பைச் சுவரோரமாகச் சாத்தினார்.

இன்ஜினியர் உடனே கூப்பிட்டான். “சார், தட்டு பிரமாதம். பின்னாடி ஒரு ‘தொம்’ வருதே, அசல் டேப்புல கூட அது இல்லையே?”

“டேப் நைஞ்சுபோச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

“அட, ஆமால்ல. அப்ப அதையும் வெச்சுக்கறேன்.”

சங்கம் அவசரமாகக் கூடியது. ‘தொம்’ இடதிலும் இல்லை, வலதிலும் இல்லை, நட்ட நடுவில் கேட்டது. இரண்டு தரப்பாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து தேநீர் குடித்தார்கள். “தொம்மைப் பத்தி ஒரு பத்தி சேத்துடுங்க,” என்றார் தலைவர். ‘கேள்விக்கு மண் சொன்ன பதில்’ என்று சேர்த்தார் புரூஃப்காரர்.

அதைச் சத்தமாகப் படித்துக் காட்டியபோது மனைவி கேட்டாள்: “யாரோ தப்பாத் தட்டியிருப்பாங்கன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?”

“நாப்பது வருஷமாவா?”

“அவங்க ஒரு தடவைதான் தட்டினாங்க. நீங்கதான் நாப்பது வருஷமா கேக்கறீங்க.”

கணக்கு டீச்சருக்குக் கலை எங்கே புரியப்போகிறது என்று விட்டுவிட்டார். புத்தகத்தின் புரூஃபை அவரே பார்த்தார். தன் பேரை மட்டும் பதினொரு தடவை எழுத்தெழுத்தாகப் பார்த்தார். இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்களுக்கு முன்னுரை ரொம்பப் பிடித்துப்போய், உறையிலேயே ‘கேள்வி–பதில் பதிப்பு’ என்று பெரிதாக அச்சடித்துவிட்டார்கள்.

புத்தகம் வந்தது. மூன்றாம் பக்கம், தடித்த எழுத்து, ஒரு பிழை இல்லை. அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மனைவியும் பார்த்துவிட்டு, “நல்லாருக்குங்க,” என்று மனசாரத்தான் சொன்னாள். “டெய்லரக்காவுக்கு ஒண்ணு குடுத்துட்டு வாங்க. பாவம், உங்களால ஒரு நாள் தையல் கெட்டுச்சு.”

பெருந்தன்மையோடு கீழே போனார். டெய்லரக்கா காஜா போட்டுக்கொண்டிருந்த சட்டையை ஓரமாக வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினார். மூன்றாம் பக்கத்தைத் திருப்பியவர், முன்னுரையை வாய்க்குள்ளேயே முணுமுணுத்து முழுசாகப் படித்து முடித்தார். அப்புறம் நடுப்பக்கத்துக்குப் போனார். அங்கே கொட்டகை வாசலில் எட்டுப் பெண்கள் வரிசையாக நிற்கும் பழைய படம் இருந்தது. இடமிருந்து மூன்றாவது பெண்ணின் மேல் விரலை வைத்தார்.

“எவ்வளவு ஒல்லியா இருந்திருக்கேன் பாருங்க.”

புரூஃப்காரர் துணிமூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். “நீங்களாக்கா?”

“எட்டுல ஒருத்தி. எங்க பேரெல்லாம் யாரும் போடல. இதுலயும் இல்ல போலிருக்கு.”

படத்துக்குக் கீழே ‘கிராமத்துப் பெண்கள்’ என்று மட்டும் இருந்தது. அதையும் அவர்தான் புரூஃப் பார்த்திருந்தார், பிழையில்லை என்று கையெழுத்தும் போட்டிருந்தார். தன் பேர் கொஞ்சம் பெரிய எழுத்தில் வந்துவிட்டதோ என்று முதல் தடவையாக அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் விட மனசில்லை. போனில் நாலாவது பாட்டைப் போட்டு, அந்த இடம் வந்ததும் டெய்லரக்காவின் காதருகே கொண்டுபோனார். டப். தொம்.

“இன்னொரு தடவை போடுங்க,” என்றார் டெய்லரக்கா.

போட்டார்.

“அக்கா,” என்றார் புரூஃப்காரர், “அந்த அஞ்சாவது தட்டு... எட்டுப் பேர்ல யாரோடது? ஞாபகம் இருக்கா?”

டெய்லரக்கா சுவரோரம் சாத்தியிருந்த கம்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சட்டையை மறுபடியும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“ரெண்டுமே நான் அடிச்சதுதான் தம்பி. ‘தொம்’ உங்களுக்கு, ‘டப்’ கொசுவுக்கு.”