எவ்விதப் பாதிப்பும் அற்ற ஆட்டுக்குட்டி

வகுப்பறைகளில் குழந்தைகள் வாசிக்கும் புத்தகங்கள் "மாணாக்கரிடம் எவ்விதப் பாதிப்பையும் ஏற்படுத்தாதவையாக இருத்தல் வேண்டும்" என்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது.

மேலிடத்திலிருந்து எதுவும் சும்மா வராது. பள்ளிக்கு எதிரே டைல்ஸ் கடை வைத்திருப்பவர்தான் பெற்றோர் சங்கத் தலைவர். மூன்றாம் வகுப்பில் படிக்கும் அவருடைய பையன் வகுப்பு அலமாரியிலிருந்து ஏதோ ஒரு கதையைப் படித்துவிட்டு வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்து, "ஏம்ப்பா, நீங்க சிரிக்கவே மாட்டேங்கறீங்க?" என்று கேட்டுவிட்டான். டைல்ஸ்காரர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். மறுநாள் புகார் மேலே போனது. புகார் மேலே போனால் சுற்றறிக்கை கீழே வரும். இது இயற்கை.

சுற்றறிக்கையை எழுதியவர் கெடுதல் என்ற பொருளில்தான் எழுதியிருப்பார். ஆனால் பாதிப்பு பொல்லாத சொல். மழை வந்தாலும் பாதிப்பு, வியாபாரம் படுத்தாலும் பாதிப்பு, நல்ல படம் பார்த்துவிட்டு வந்தாலும் "மனசை ரொம்ப பாதிச்சிடுச்சு" என்போம். இதில் எந்தப் பாதிப்பு என்று மேலே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் கேட்டவருக்குத் தமிழ் தெரியாது என்று ஆகிவிடும். ஆகவே தலைமையாசிரியர் "எவ்விதப்" என்ற இடத்தைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டார். எல்லாவிதப் பாதிப்பையும் ஒரேயடியாக ஒழித்துக் கட்டுவது என்று முடிவு செய்தார். முடிவு செய்த கையோடு, எல்லா வகுப்புகளிலிருந்தும் புத்தகங்களைத் தன் அறையிலிருந்த பீரோவுக்கு மாற்றிப் பூட்டினார்.

மூன்றாம் வகுப்பு டீச்சர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"சார், எல்லாத்தையும் வெச்சுக்கோங்க. அந்த ஆட்டுக்குட்டி புத்தகத்தை மட்டும் ஒரே ஒரு நாள் குடுத்துடுங்க. நம்ம மௌனச்சாமி அதைப் பாதி படிச்சிருக்கா."

மௌனச்சாமி என்பது அந்த வகுப்பில் ஒரு சிறுமி. வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிட்டால் எல்லோரும் "உள்ளேன் டீச்சர்" என்பார்கள்; அவள் கையை மட்டும் தூக்குவாள். கேள்வி கேட்டால் தலையை ஆட்டுவாள், அதுவும் ஆமாவா இல்லையா என்று நாம்தான் யூகிக்க வேண்டும். அந்தப் பெண் தானாகவே ஒரு புத்தகத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தது டீச்சருக்கே ஆச்சரியம். டீச்சர் ஒரு தந்திரம் செய்தார். "நான் இதைப் படிக்கவே இல்லம்மா. குட்டி கடைசியில வீட்டுக்கு வந்துச்சா இல்லையான்னு நீதான் வந்து எனக்குச் சொல்லணும்," என்றார். சொன்னபடியே அவர் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. குழந்தையை ஏமாற்ற மனசு வரவில்லை. சிறுமியும் தலையை ஆட்டினாள், இந்த முறை தெளிவாகவே ஆட்டினாள்.

"குழு அமைச்சிருக்கோம் டீச்சர். குழு முடிவு பண்ணும்," என்றார் தலைமையாசிரியர்.

குழு என்றால் தலைமையாசிரியர், டைல்ஸ்காரர், அப்புறம் ஓர் ஆலோசகர். ஆலோசகர் என்பவர் இப்போது எல்லா இடத்திலும் ஒருவர் இருந்தாக வேண்டும். இவர் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். எந்த அலுவலகத்தின் அட்டை என்று யாரும் கேட்டதில்லை. குழந்தை என்று சொல்ல மாட்டார், "கற்பவர்" என்பார். புத்தகத்தை "உள்ளடக்கம்" என்பார். அவர் பேசி முடித்ததும் எல்லோருக்கும் கைதட்டத் தோன்றும், எதற்கென்று தெரியாது.

முதலில் ஆட்டுக்குட்டியே விசாரணைக்கு வந்தது. ஒரு குட்டி, தாயோடு மேயப் போன இடத்தில் தெரியாத்தனமாகப் பஸ் ஏறிவிடுகிறது. கதை அவ்வளவுதான்.

"டிக்கெட் எடுத்துச்சா?" என்றார் தலைமையாசிரியர்.

"கண்டக்டர் குடுத்தார் சார். அதைத் தின்னுடுச்சு," என்றார் டீச்சர், அவர் விரித்துப் பிடித்திருந்த பக்கத்தைப் பார்த்து.

தலைமையாசிரியர் அந்த இடத்தோடு புத்தகத்தை மூடினார். அரசு ஆவணத்தைத் தின்பது சிறுவர்களுக்கு என்ன முன்மாதிரி?

டைல்ஸ்காரர் அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை. "அம்மாகிட்ட சொல்லாம பஸ் ஏறுது பாருங்க. நாளைக்கு என் பையனும் ஏறுவான்," என்று முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

ஆலோசகர் அட்டையைத் தடவிக்கொண்டே கேட்டார். "இந்த ஆடு கதை முடிவுல என்ன திறனை அடையுது?"

"ஆடு சார் அது."

"அதனால என்ன? அளவிடக்கூடிய விளைவு ஒண்ணாவது இருக்கணும் இல்லையா?"

"வீட்டுக்கு வரலாம். வராமலும் போகலாம். அதைத்தான் சார் அந்தப் பொண்ணு படிச்சுட்டுச் சொல்றேன்னு இருக்கா," என்றார் டீச்சர். குரல் கொஞ்சம் உடைந்தது. அது யாருடைய குறிப்பிலும் ஏறவில்லை.

குழு புத்தகத்தை உடனே தள்ளிவிடவில்லை. அவர்களும் மனிதர்கள்தான், திருத்தி வெளியிட முன்வந்தார்கள். பஸ் நீக்கப்பட்டது. பஸ் இல்லாதபோது கண்டக்டருக்கு வேலை இல்லை, அவரும் நீக்கப்பட்டார். தாய் ஆடு அழும் இடம் மனவருத்தம் என்பதால் போயிற்று. குட்டி துள்ளும் இடம் மகிழ்ச்சி. மகிழ்ச்சியும் ஒருவிதப் பாதிப்புதானே? அதுவும் போயிற்று. திருத்திய பதிப்பு ஒரே வரியில் அழகாக வந்தது: "ஆட்டுக்குட்டி வீட்டில் இருந்தது. முற்றும்."

இதை மூன்றாம் வகுப்பில் வைத்துச் சோதித்தார்கள். குழந்தைகள் வாசித்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை, பின் வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான். ஆலோசகர் பூரித்துப் போனார். மௌனச்சாமி மட்டும் தாளைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி இந்தப் பக்கம் பார்த்தாள். குனிந்து பெஞ்சுக்கு அடியிலும் தேடினாள். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒப்புதலுக்காகக் கோப்பு மேலே போக வேண்டும். பழைய புத்தகத்திலிருந்து மாதிரிக்கு ஒரு பக்கம் இணைக்க வேண்டும் என்பது விதி. தலைமையாசிரியர் நடுப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. கடைசிப் பக்கத்தைக் கிழித்தார். காரணம், அதன் பின்புறம்தான் காலியாக இருந்தது, முத்திரை குத்த வசதி.

கொஞ்ச நாள் கழித்து, பெரிய அதிகாரியே நேரில் பார்வையிட வந்தார். மூன்றாம் வகுப்புக்குள் நுழைந்தார். குழு பின்னாலேயே போனது. தலைமையாசிரியர் வரவேற்புரையைத் தொடங்கினார்.

"மாண்புமிகு..."

"அதெல்லாம் இருக்கட்டும்," என்றார் அதிகாரி. "அந்த ஆட்டுக்குட்டி எங்க போயிருந்துச்சு?"

"சார்?"

"பைல்ல ஒரு பக்கம் வெச்சீங்களே! கொட்டுற மழை. அம்மா ஆடு வாசல்லயே நிக்குது. குட்டி ஓடி வந்து அது வயித்துல முட்டுது. அதோட முடிஞ்சு போச்சு. அது எங்கய்யா போயிட்டு வந்துச்சு? என் வீட்டம்மாகிட்ட தெரியாம சொல்லிட்டேன். அவங்க என்னைத் தொளைச்சு எடுக்கறாங்க."

குழு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. அப்போது நடு வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரலை அந்த வகுப்பில் யாரும் கேட்டதில்லை.

"வந்துடுச்சா?"

மௌனச்சாமி பெஞ்சு மேலேயே ஏறி நின்றிருந்தாள். "டீச்சர், வந்துடுச்சாம் டீச்சர்! வீட்டுக்கு வந்துடுச்சாம்!"

"நீ படிச்சியாம்மா?" என்றார் அதிகாரி.

"பாதி சார். அது பஸ்ல ஏறிடுச்சு சார். கண்டக்டர் டிக்கெட் குடுத்தாரா, லபக்குனு தின்னுடுச்சு! அப்புறம் கடைசி ஸ்டாப்ல எல்லாரும் இறங்கிட்டாங்க, அது மட்டும் சீட்டுக்கு அடியில..."

அதிகாரி மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்துவிட்டார். அவள் சொல்லச் சொல்ல வகுப்பே சிரித்தது. குட்டி தனியாக நின்ற இடத்தில் அடங்கிப் போனது. முடிவை அதிகாரி சொன்னார், மழையோடு சேர்த்து. டைல்ஸ்காரர் வாயைத் திறந்து சிரித்துவிட்டு, பையன் பார்க்கிறான் என்று தெரிந்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார். டீச்சருக்குக் கண்ணில் நீர் நிற்கவில்லை. அதிகாரியும் கைக்குட்டையை எடுத்தார். கிளம்பும்போது பார்வையாளர் குறிப்பேட்டில் மனசாரப் பாராட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டார்: "இந்நூல் என்னை மிகவும் பாதித்தது."

ஜீப் போனதும் தலைமையாசிரியர் வகுப்பு வாசலிலேயே நின்று அதைச் சத்தமாகப் படித்தார். முகம் வெளுத்தது.

"போச்சு! பெரிய அதிகாரியையே பாதிச்சிருக்கு. குழந்தைங்க எம்மாத்திரம்?"

"சார், அவர் பாராட்டித்தான் எழுதியிருக்கார்," என்றார் டீச்சர். "வேணும்னா ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்களேன்."

"அவர் எழுதினதுக்கு அவர்கிட்டயே அர்த்தம் கேக்கறதா? எனக்குத் தமிழ் தெரியாதுன்னு நினைக்க மாட்டாரா?"

ஆட்டுக்குட்டி நிரந்தரமாகத் தடை செய்யப்பட்டது, அதிகாரியின் கையொப்பத்தையே ஆதாரமாகக் காட்டி. குழு திருத்திக் கொடுத்த ஒரு வரிப் பதிப்பு எல்லா வகுப்புக்கும் வந்து சேர்ந்தது. ஆலோசகர் அதற்கு "குறுவாசிப்பு" என்று பெயர் வைத்தார். அதைப் பார்த்துவிட்டு வேறு பள்ளிகளும் கேட்டு வாங்கிப் போகின்றன. பெற்றோர்களும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள், பை கனமில்லையே.

அதிகாரி வந்துபோன மறுநாள் காலை வருகைப் பதிவின்போது டீச்சர் பெயர் கூப்பிட்டார். மௌனச்சாமி கையைத் தூக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"உள்ளேன் டீச்சர். டீச்சர், பாதிச்சுதுன்னா நல்லதா, கெட்டதா?"

வராந்தாவில் போய்க்கொண்டிருந்த டைல்ஸ்காரர் நின்றார். "பாத்தீங்களா, இப்படித்தான் கேள்வி கேக்க ஆரம்பிக்கும்னு நான் அன்னிக்கே சொன்னேன்," என்றார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இதைப் படித்ததில் உங்களுக்குச் சிரிப்போ கோபமோ வருத்தமோ எதுவுமே வரவில்லை என்றால், தயவுசெய்து பள்ளிக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். அடுத்த ஆண்டுக்கு ஒரு புத்தகம் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.