டாக்டர் சீட்டுக்குப் பூக்கட்டிப் போட்ட கதை

சுயம்புலிங்கம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். மகனை டாக்டராக்கியே தீருவது. இதற்கு மகன் ஒத்துக்கொள்ளவில்லை. மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. மகனுடைய பிளஸ் டூ மார்க்கு கொஞ்சம்கூட ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் முடிவு முடிவுதான்.

முடிவுக்கு வந்த மனிதர் அக்கடா என்று உட்கார வேண்டியதுதானே? உட்கார முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி சுட்டது. பாயில் படுத்தால் பாய் குத்தியது. ராஜபாளையத்தில் அவர் வீட்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடுவே நடந்து நடந்து, சிமெண்டுத் தரையில் ஒற்றையடிப் பாதை விழுந்துவிடும் போல இருந்தது.

"செத்த நேரம் ஒரு இடத்துல இருங்களேன். கண்ணு கட்டுது" என்றாள் அவர் மனைவி பரிபூரணம், அரிசி புடைத்துக்கொண்டே.

"எம் மகன் டாக்டர் ஆகுற அன்னைக்கு உக்காருறேன்."

"அப்போ ஆயுசு பூரா நடங்க."

அவர் தவிப்புக்கும் காரணம் உண்டு. சுயம்புலிங்கத்துக்கு ஆறு விசைத்தறி. எல்லாம் பேண்டேஜ் துணி ஓட்டுகிற தறி. மதுரையிலிருந்து நாகர்கோவில் வரை எவன் மண்டை உடைந்தாலும், அதைச் சுற்றுகிற துணியில் பாதி தன்னுடையது என்று நம்புகிறவர். ஆனால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் துணிக்கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு வராந்தாவில்தான் நிற்பார். உள்ளே நாற்காலியில் இருக்கிற டாக்டர், தலையைத் தூக்காமல், "அங்க வச்சுட்டுப் போப்பா" என்பார். அந்த ஒரு வார்த்தை இருபது வருஷமாக அவர் நெஞ்சுக்குள் நெருஞ்சி முள்ளாகக் கிடந்தது. தன் மகன் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். தான் துணிக்கட்டோடு உள்ளே போக வேண்டும். மகன் எழுந்து, "வாங்கப்பா" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

இதை மனதுக்குள் வைத்திருந்தாலாவது பரவாயில்லை. ஊரெல்லாம் சொல்லிவிட்டார். சலூன் கடையில் சொன்னார். பஸ் கண்டக்டரிடம் சில்லறை வாங்கும்போது சொன்னார். பையன் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த வாரமே, பக்கத்து வீட்டுச் சீனியம்மாள் சுவருக்கு மேலே முழங்காலைத் தூக்கிக் காட்டி, "தம்பி, இந்த மூட்டுவலிக்கு என்னப்பா போடலாம்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

மகன் காசிராஜன் பாவம். நல்ல பையன். அப்பா எதிரில் வாயைத் திறக்க மாட்டான். தறி நின்றுவிட்டால் மட்டும் அவன் கைகள் பேசும். மெக்கானிக் நாலு தடவை வந்து தலையைச் சொறிந்துவிட்டுப் போன தறியைக் கூட, சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே புகுந்து ஓட்டிக் காட்டிவிடுவான். ஆனால் ரத்தம் ஆகாது. பள்ளிக்கூடத்தில் தவளையை அறுக்கச் சொன்னார்கள். மயக்க மருந்தைத் தவளைக்குத்தான் கொடுத்தார்கள். மயங்கி விழுந்தது காசிராஜன். அவன் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது தவளை கண்விழித்து ஜன்னல் வழியே போய்விட்டது. விலங்கியலில் மூன்று மார்க்கு வித்தியாசத்தில் பாஸ். அந்த மூன்றும் பேப்பர் திருத்தியவர் மனசு வைத்துப் போட்டது.

"அப்பா, எனக்கு ரத்தத்தைப் பாத்தாலே ஆகாதுப்பா."

"டாக்டருக்கு எதுக்குலே ரத்தம்? அதெல்லாம் நர்ஸு பாத்துக்கிடும். நீ நாக்கை நீட்டச் சொல்லிட்டு எழுதிக் குடு, போதும்."

இதெல்லாம் நடந்தது எண்பத்தொன்பதில். அந்த வருஷம் பார்த்துத்தானா ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக்கடை வைத்திருந்த சகலை காளிராஜின் மகளுக்கு மதுரையில் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைக்க வேண்டும்? காளிராஜ் பெண்டாட்டியோடு வந்தார். அதாவது பரிபூரணத்தின் தங்கையோடு. கையில் பெரிய டப்பா நிறையச் சூடு ஆறாத பால்கோவா.

"சாப்பிடுங்க சகலை. நம்ம பிள்ளை டாக்டராகப் போகுது. காசிக்கு எந்தக் காலேஜு?"

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா தொண்டையில் சிக்கிக்கொண்ட முதல் மனிதர் சுயம்புலிங்கமாகத்தான் இருப்பார். பரிபூரணம் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.

மறுநாளே அவர் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினார். கோர்ட்டுப் பக்கத்து டீக்கடையில் ஐயாதுரை என்று ஒரு புரோக்கர். நிலம், கல்யாணம், காலேஜ் சீட்டு மூன்றும் பார்ப்பான். சட்டைப் பையில் மூன்று கலரில் மூன்று பேனா.

"மார்க்கு கம்மியா? ரொம்ப நல்லது அண்ணாச்சி" என்றான் ஐயாதுரை.

"இதுல என்னய்யா நல்லது?"

"நடுவாந்தரமா வாங்குனாத்தான் கஷ்டம். கெடைக்குமோ கெடைக்காதோன்னு எட்டுத் திக்கும் அலையணும். உங்களுக்கு அந்தச் சந்தேகமே இல்லை பாருங்க. நேரா எங்கிட்ட வந்துட்டீங்க."

கர்நாடகாப் பக்கம் ஒரு காலேஜ் இருக்கிறதாம். மார்க்கு கேட்க மாட்டார்களாம். டொனேஷன்தான் கேட்பார்களாம். எவ்வளவு என்பதை ஐயாதுரை அவர் காதோடு சொன்னான். அன்று சாயங்காலம் வரைக்கும் அந்தக் காதில் அவருக்கு வேறு எதுவும் ஏறவில்லை.

தறி ஆறையும் விற்றாலும் காணாது. ஒரே வழிதான் இருந்தது. அய்யனார் கோவில் போகிற வழியில், மலையடிவாரத்து மாந்தோப்பு. பரிபூரணத்துக்கு அவள் அப்பா எழுதி வைத்தது. ஐயாதுரையே ஆளும் பார்த்துவிட்டான். திங்கட்கிழமை பத்திரம் பதிய வேண்டும். கையெழுத்துப் போட வேண்டியது பரிபூரணம்.

வீட்டுக்கு வந்து பேச்சை எடுத்தார்.

"பரிபூரணம், மரத்துல காய்க்கிற மாங்காயை எம்புட்டு நாளைக்கு எண்ணிக்கிட்டு இருக்குறது?"

"எண்ணல. ஊறுகா போடுறேன்."

"ஊறுகா பெருசா, டாக்டர் பெருசா?"

"ஊறுகா கெடாது."

"ஏட்டி, அது நம்ம பிள்ளைக்குத்தானே?"

"நம்ம பிள்ளைக்குத்தான். அதான் விக்க மாட்டேங்குறேன். அவன் ஒரு கோழிக்குஞ்சுக்குக் கட்டுப் போடுவானா? ரத்தம் வந்த கோழியைப் பாத்துட்டு மயங்கி விழுற இவனைத்தான் நாம தூக்கிட்டு ஓடணும். அவன் மெஷின் படிப்புப் படிக்கணும்னு சொல்லுதான்."

"யார்கிட்ட சொன்னான்?"

"எங்கிட்டதான். உங்க கிட்ட சொல்ல இடம் எங்க இருக்கு? நீங்க நின்னாத்தானே."

சுயம்புலிங்கம் மறுபடி நடக்க ஆரம்பித்தார். வாசல், அடுப்படி, வாசல், அடுப்படி. இவள் என் பேச்சைக் கேட்க மாட்டாள். அவள் அண்ணன் பேச்சைக் கேட்க மாட்டாள். யார் பேச்சைத்தான் கேட்பாள்? எட்டாவது நடையில் சட்டென்று நின்றார். அய்யனார்! அய்யனார் சொன்னால் பரிபூரணம் கிணற்றில்கூடக் குதிப்பாள்.

"நீயும் வேண்டாம், நானும் வேண்டாம். கோவில்ல பூக்கட்டிப் போட்டுப் பாப்போம். ஒரு பொட்டணத்துல வெள்ளை, ஒண்ணுல செவப்பு. வெள்ளை வந்தா சாமி சரின்னு சொல்லுது. செவப்பு வந்தா வேண்டாங்குது. சம்மதமா?"

பெரிய சண்டைக்குத் தயாராக இருந்தார். ஆனால் பரிபூரணம் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகை ஓரமாக வைத்துவிட்டு, "சாமி என்ன சொல்லுதோ அதுதான். வெள்ளிக்கிழமை போவோம். எனக்குக் காலையில பொங்கல் சாமான் கட்டுற வேலை கெடக்கும். பூவை நீங்களே பறிச்சுக் கட்டிருங்க" என்றாள்.

அவள் இத்தனை சுலபமாக ஒத்துக்கொண்டது அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. சந்தோஷத்தில் மனிதனுக்கு எது உறுத்தும்?

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழிக்கிறோம் என்று புருஷனும் பெண்டாட்டியும் வருஷா வருஷம் தாயம் ஆடுவார்கள். சுயம்புலிங்கம் கட்டையை உருட்ட மாட்டார். விரலிடுக்கில் பிடித்து, வேண்டிய எண் மேலே வரும்படி நைசாக வைத்துவிடுவார். பரிபூரணம் ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. ஆனாலும் கடைசியில் பழம் எடுத்து ஜெயிப்பது அவள்தான். அது எப்படி என்று அவர் யோசித்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி வாசலுக்கு வந்தார். வாசலின் இந்தப் பக்கம் நந்தியாவட்டை, அந்தப் பக்கம் செவ்வரளி. அரளியில் அன்றைக்கென்று ஒரே ஒரு பூதான் விரிந்திருந்தது. அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை அவர். நந்தியாவட்டையில் ஒன்று பறித்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். இன்னொன்றும் பறித்தார். வாழை இலையைக் கிழித்து, இரண்டையும் தனித்தனியாக மடித்து, அச்சில் வார்த்தது மாதிரி இரண்டு பொட்டணம் கட்டி, மடியில் செருகிக்கொண்டார். எந்தப் பொட்டணத்தை எடுத்தாலும் வெள்ளை. அய்யனாருக்கே சிரமம் இல்லை.

பரிபூரணம் வாசல் தெளிக்க வாளியோடு வந்தாள். "பூ பறிச்சாச்சா?"

"ஆச்சு, ஆச்சு. ஒண்ணு வெள்ளை, ஒண்ணு செவப்பு" என்றார், கேட்காமலே.

"சரி" என்று தண்ணீரை வீசித் தெளித்தாள்.

டவுன் பஸ்ஸில் காசிராஜன் ஜன்னல் பக்கம், முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தான். தோப்பு வந்ததும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். சுயம்புலிங்கத்துக்கு அங்கேயும் இருப்புக்கொள்ளவில்லை. இடம் இருந்தும் கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தார். மடியை நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கோவிலில் பூசாரி இருளப்பசாமி இரண்டு பொட்டணத்தையும் வாங்கி, ஐயன் காலடியில் வைத்து, கற்பூரம் காட்டினார். மொட்டை போட வந்திருந்த ஒரு குடும்பத்துச் சிறுமியைக் கூப்பிட்டு, பொட்டணம் எடுக்க நிறுத்தினார்.

"கேக்குறது யாரு? அண்ணாச்சியா?"

சுயம்புலிங்கம் தொண்டையைச் செருமினார். பரிபூரணம் முந்திக்கொண்டாள்.

"தோப்பு எம் பேர்ல இருக்கு சாமி. நாந்தானே கேக்கணும்?"

"சொத்துக்காரவுகதான் கேக்கணும். அதான் முறை" என்றார் பூசாரி.

யார் கேட்டால் என்ன, வரப்போவது வெள்ளைதானே என்று சுயம்புலிங்கம் பெருந்தன்மையாக விலகி நின்றார்.

பரிபூரணம் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். என்றைக்கும் இல்லாத அளவுக்குப் பலமாகப் போட்டுக்கொண்டாள். பிறகு கோவிலே கேட்கிற மாதிரி சத்தமாகக் கேட்டாள்.

"ஐயா, எங்க தோப்பை விக்காம, எம் பிள்ளையை அவன் இஷ்டப்பட்ட மெஷின் படிப்புக்கே அனுப்பட்டுமா? சரின்னா வெள்ளைப் பூவைக் குடு!"

சுயம்புலிங்கம் கையை ஆட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஏய், ஏய்! அப்படிக் கேக்கக் கூடாது. மாத்திக் கேளு, மாத்திக் கேளு!"

"ஏன், எப்படிக் கேட்டா என்ன?" என்றாள் பரிபூரணம், அப்பாவியாக.

"அதானே அண்ணாச்சி" என்றார் பூசாரி. "ஒண்ணுல வெள்ளை இருக்கு, ஒண்ணுல செவப்பு இருக்கு. எப்படிக் கேட்டாலும் ஐயன் நினைச்சதுதானே வரும்? ரெண்டும் இருக்குல்ல?"

"இரு... இருக்கு."

"அப்போ பொறவு என்ன? பாப்பா, எடும்மா."

சிறுமி கையை நீட்டினாள். அந்த நேரத்தில் சுயம்புலிங்கம் வாழ்நாளில் வேண்டாத மாதிரி வேண்டினார். ஐயனே, ஒரு சிவப்புப் பூ. நான் வைக்கவில்லைதான். நீ நினைத்தால் முடியாதா? கல்லுக்குள் தேரையை வைத்தவன் நீ. இலைக்குள் ஒரு அரளியை வைக்க மாட்டாயா?

பூசாரி பிரித்தார். நந்தியாவட்டை வெள்ளைவெளேர் என்று சிரித்தது.

"உத்தரவு குடுத்துட்டாருய்யா!" என்று பூசாரி மணியை அடித்தார். காசிராஜன் அப்பா எதிரில் முதல்முறையாகப் பல் தெரியச் சிரித்தான்.

"உங்க மனசுக்கு ஒப்பலேன்னா இந்த இன்னொரு பொட்டணத்தையும் பிரிச்சுப் பாத்துருவோமா?" என்று பரிபூரணம் கையை நீட்டினாள்.

சுயம்புலிங்கம் பாய்ந்து பொட்டணத்தைப் பறித்தார். "பிரிக்கக் கூடாது! எடுக்காத பூவை ஆத்துல விட்டுறணும். அதான் முறை!" என்று சொல்லிக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டி, ஓடைப் பக்கம் ஓடினார். இப்படி ஒரு முறையைப் பூசாரி கேள்விப்பட்டதே இல்லை. அண்ணாச்சிக்கு என்ன பக்தி என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் சுயம்புலிங்கம் உட்கார்ந்துகொண்டார். நடக்க இனி என்ன இருக்கிறது? காசிராஜன் முன் சீட்டில் டிரைவரோடு என்ஜின் சத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான். டிரைவர் எதற்கோ தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். சுயம்புலிங்கம் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஐயாதுரைக்கு என்ன பதில் சொல்வது, சகலை முகத்தில் எப்படி முழிப்பது என்று யோசித்தார். கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டார்.

"எல்லாம் ஐயன் செயல்."

"ஆமா" என்று பரிபூரணம் பொங்கல் தூக்குச்சட்டியை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டாள். பிறகு அவர் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்:

"அடுத்த தடவை இந்த வேலை பாக்கும்போது, அரளியிலயும் ஒரு பூவைப் பறிச்சுச் சாக்கடையில போட்டுட்டு வாங்க."