கட்டைவிரலுக்குக் கீழே ஒரு குழி

ஒரு சின்ன விரிசலாவது காட்டிவிடு, முருகா.

ஆயர் குரோ கிளினிக்கில் டாக்டர் ரோகினி எக்ஸ்ரே படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது கோமளா மனசுக்குள் இப்படித்தான் வேண்டிக்கொண்டாள். தீபாவளிக்கு மூன்று வாரம். கணவன் வீட்டு வகையறா முழுவதற்கும் அவள்தான் கைமுறுக்கு சுற்றியாக வேண்டும். கணவனின் அக்கா பாக்கியலட்சுமி அதைத் தன் கைப்பக்குவம் என்று ஊரெல்லாம் கொடுப்பாள். இந்த வருடம் வீட்டு வாசலில் ஈரமான போர்ச்சில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது.

"வெறும் சுளுக்குதான் டாக்டர்," என்றார் கணவர் ராமையா.

அவர்தான் முதலில் எண்ணெய் போட்டு இழுத்துவிட்டார். வீக்கம் கூடியது. லூபோக் சீனாவில் நீவிவிடும் மலாய்ப் பெரியவர் ஒரு பாக்சிக்கிடம் கூட்டிப்போனார். இன்னும் கூடியது.

"படத்துல ஒண்ணும் தெரியல," என்றார் டாக்டர்.

கோமளாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

டாக்டர் அவள் கட்டைவிரலுக்குக் கீழே இருந்த குழியில் அழுத்தினார். வலித்தது. ஆனால் இதைவிடப் பெரிய வலியையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்தவள் அவள். இதுதான் சமயம் என்று, "ஐயோ, அம்மா!" என்று கத்திவிட்டாள். வெளியே ஏதோ குழந்தை பயந்து அழுதது.

"இந்தச் சின்ன எலும்பு முறிஞ்சா முதல் படத்துல தெரியாமலும் போகும், ஆன்ட்டி. மாவுக்கட்டு போட்டுடுவோம். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி எடுப்போம்."

வீடு வரும்வரை கோமளா கார் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்துவிடக் கூடாதே!

மறுநாளே கோலா சுங்கை பாருவிலிருந்து பாக்கியலட்சுமி வந்து இறங்கினாள்.

"இடக்கை சும்மாதானே இருக்கு, கோமளா?"

"அச்சுல பிழிஞ்சுடலாமே, அக்கா," என்றார் ராமையா.

"அச்சு முறுக்கா? குடும்ப மானமே போயிடும் லா!"

கடைசியில் ராமையாவே சுற்றினார். முதல் ஈடு எண்ணெயில் பிரிந்து புழுப் புழுவாய் மிதந்தது. அடுத்தது கருங்கல். நெற்றியெல்லாம் மாவோடு நின்ற மனிதரைப் பார்க்கக் கோமளாவுக்குப் பாவமாக இருந்தது. பொய்யாகக் கத்திவிட்டோமே. தாங்க முடியாமல் சட்டியை நகர்த்தக் கை நீட்டினாள். கட்டுக்குள் சுரீரென்றது. "ஆ!"

அடேயப்பா, நடிப்பு தானாகவே வருகிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது எக்ஸ்ரேயன்று உண்மையைச் சொல்லிவிடத் துணிந்தாள். "டாக்டர், அன்னிக்கு நான் கத்துனது வந்து... கொஞ்சம்..."

"கத்துனதாலதான் தப்பிச்சீங்க, ஆன்ட்டி." டாக்டர் திரையைத் திருப்பினார். எலும்பின் குறுக்கே மெல்லிய கோடு. "நல்லாவே முறிஞ்சிருக்கு. இந்த வலிக்கு மத்தவங்களா இருந்தா கூப்பாடு போட்டு ஊரையே கூட்டிடுவாங்க. கட்டு இன்னும் ஒன்றரை மாசம் இருக்கணும்."

கோமளா அந்தக் கோட்டையே பார்த்தாள். அப்படியென்றால் நடிக்கவே இல்லையா? நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

ராமையா தொண்டையைச் செருமினார். "விரலு ஆடுதுல்ல, கோமளா? அக்கா கேக்கச் சொன்னாங்க... மாவு மட்டும் பிசைஞ்சு குடுப்பியா?"

"முடியாதுங்க."

இந்த முறை அவள் கத்தவில்லை.