டிரம்பெட்டுக்கு ஒரு நலம்விரும்பி

கடிகாரம் பழுது பார்ப்பவர் அறுபது வயதில் ஒரு முடிவுக்கு வந்தார்: டிரம்பெட் வாங்கி ஊதியே தீருவது!

விலை இருபதாயிரம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு உதவும் இணையப் பக்கம் ஒன்று இருந்தது. அவர் சொல்லச் சொல்ல, மனைவி போனில் தட்டினாள். ஏழு நாள் கெடு. ஞாயிறு மாலை ஆறுக்குள் முழுத்தொகை சேராவிட்டால் பணமெல்லாம் போட்டவர்களுக்கே திரும்பிவிடும்.

ஐந்து நாளாகியும் பூஜ்யம் கோழிமுட்டை போல உட்கார்ந்திருந்தது.

"ஒருத்தருமே போடலையேம்மா!"

"காலி ஓட்டல்ல யாருங்க நுழைவா? நாலு பேர் உக்காந்திருந்தாத்தான் அஞ்சாவது ஆள் எட்டிப் பார்ப்பான்."

சுவர்க் கடிகாரத்தின் வயிற்றுக்குள், மனைவிக்குத் தெரியாமல் சேர்த்த ஐயாயிரம் இருந்தது. நோட்டுக்கட்டு இடித்து, மூன்று வருடமாக ஓடாத கடிகாரம் அது. கேட்டால், "பல் தேஞ்சுபோச்சு" என்பார். நோட்டுக்கட்டை எடுத்தவர், பழக்கதோஷத்தில் சாவியும் கொடுத்துவிட்டு, மருந்துக் கடைக்கு ஓடினார். பணத்தைக் கடைக்காரரிடம் கொடுத்து, 'நலம்விரும்பி' என்ற பெயரில் அந்தப் பக்கத்தில் போட்டுவிடச் சொன்னார்.

மருந்துக் கடைக்காரர் பக்கத்தைத் தன் போனில் படித்தார். மறுபடியும் படித்தார்.

"அண்ணே, இதுக்கா நீங்களே போடுறீங்க?"

"ஏன், எனக்கு மனசு இல்லையா?"

"தங்கமான மனசுண்ணே! வெளியில மூச்சு விடமாட்டேன்."

அப்புறம் மடமடவென்று விழுந்தது. எதிர்வீட்டுத் தையல்காரர் இரண்டாயிரம். மாடிவீட்டு நர்ஸ் இரவு வேலை பார்த்துப் பகலில் தூங்குகிறவள். அவள் இரண்டு முறை போட்டாள். தெருவில் இத்தனை இசைப்பித்தர்களா என்று அவருக்குக் கண் கலங்கியது.

ஞாயிறு ஐந்தரை. பத்தொன்பதாயிரத்து எண்ணூறு. ஐந்து நாற்பது. அதே. ஐந்து ஐம்பது. அதே!

"இருநூறுக்கா இப்படி வேர்க்குது?"

"பேசாதே! ஒண்ணு குறைஞ்சாலும் எல்லாம் போச்சு!"

"இவ்வளவு கிட்ட வந்தப்புறம் யாராவது தள்ளிவிடுவாங்க. கடைசிக் கல்லை வைக்க எல்லாருக்கும் ஆசைதான்."

ஐந்து ஐம்பத்தெட்டு. நர்ஸ் மூன்றாம் முறையும் போட்டாள். இருபதாயிரம்!

"டிரம்பெட்!" என்று அவர் குதித்தார்.

"எழுதினதைப் படிச்சீங்களா?"

ஏழு நாளும் தொகையை மட்டுமே பார்த்த மனிதர், அப்போதுதான் அதற்குக் கீழே படித்தார்: 'இந்த வீட்டுக்கு டிரம்பெட் வராமல் இருக்கவும், அதற்குப் பதில் வாஷிங் மெஷின் வரவும் உதவுங்கள்.'

வாயில் ஈ புகுந்தாலும் தெரியாமல் நின்றார்.

"முதல் பணம் போட்ட அந்த மகராசன் நல்லா இருக்கணும்," என்றாள் மனைவி. "ஆமா, மூணு வருஷமா நின்ன கடிகாரம் ரெண்டு நாளா ஓடுதே, என்ன பண்ணீங்க?"

"எண்ணெய் போட்டேன்," என்றார் நலம்விரும்பி.