மீனுஸ் பதினெட்டு

“மைனஸ் ரெண்டு” என்று தெய்வநாயகம் சொன்னதும் ஜெர்மன் டாக்டரம்மா நிமிர்ந்து முறைத்தார்.

“மீனுஸ். மீனுஸ் சொல்லு.”

“மீனுஸ் ரெண்டு” என்று திருத்திக்கொண்டார் தெய்வநாயகம்.

நாகர்கோவிலுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், 1953-ல், அவர் கம்பவுண்டராகச் சேர்ந்து அன்று இரண்டாவது நாள். முட்டத்து மீனவர் ததேயுஸுக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. டாக்டரம்மா முதுகில் ஊசி செருகி அதை வடித்துக்கொண்டிருந்தார். ஊசியோடு சேர்த்த கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஏறி இறங்கும். அதைப் பார்த்து நெஞ்சுக்குள் அழுத்தம் எவ்வளவு என்று உரக்கச் சொல்வதுதான் தெய்வநாயகத்தின் வேலை. நீர் வடிய வடிய அழுத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போகும். கீழே இருபதைத் தாண்டினால் நுரையீரலுக்கே ஆபத்து.

மேசைமேல் கவிழ்ந்திருந்த ததேயுஸ் குரல் கொடுத்தார். “ஏட்டி செசிலி, டாக்டரம்மா ரெண்டு மீனு கேக்குதாவ.”

“ரெண்டுதான? இப்பம் கொண்டாறேன்” என்று கதவுக்கு வெளியே நின்ற மனைவி ஓடினாள். ஆஸ்பத்திரி வாசலில்தான் அவள் தங்கை மீன் விற்றுக்கொண்டிருந்தாள்.

குழாயில் தண்ணீர் விறுவிறுவென்று இறங்கியது. “மீனுஸ் ஏழு.”

“ஏழா?” ததேயுஸ் தலையைத் தூக்கினார். தண்ணீர் துள்ளியது.

மீன் வாடையே ஆகாத சைவக் குடும்பத்துக்காரர் தெய்வநாயகம். குனிந்து, “அசையாதயும் வே. மீன் இல்ல. உமக்குள்ள அழுத்தம் கீழ போவுது” என்று கிசுகிசுத்தார்.

“கீழ போவுதா? மாதாவே, நான் போறேனா?” ததேயுஸுக்கு மூச்சு இரைத்தது. தண்ணீர் கண்டபடி குதித்தது. எந்தக் கோட்டில் நிற்கிறது என்றே தெரியவில்லை.

“எவ்வளவு?” என்று டாக்டரம்மா அதட்டினார்.

அந்த வார்த்தையை விட்டுவிட்டால் வம்பில்லை என்று தோன்றியது தெய்வநாயகத்துக்கு. “பதினொண்ணு.”

“மீனுஸ் எங்கே போச்சு?”

“மீனுஸ் பதினொண்ணு” என்று கத்தியேவிட்டார்.

ஜன்னலில் செசிலியின் முகம் தெரிந்தது. “ஏழு விளமீன் எடுத்தாச்சு. இன்னும் நாலா?”

வேண்டாம் என்று தெய்வநாயகம் கையை விரித்து ஆட்டினார். அவள் விரல்களை எண்ணினாள். “அஞ்சா? சரி” என்று மறுபடியும் ஓடினாள்.

பதினாலு. பதினாறு. தெய்வநாயகத்தின் மூக்கு குழாயில் முட்டியது. “மீனுஸ் பதினெட்டு” என்று வாசல்வரை கேட்கக் கத்தினார்.

“நெஞ்சு இறுக்குது” என்றார் ததேயுஸ்.

டாக்டரம்மா சட்டென்று குழாயை அடைத்து ஊசியை உருவினார். சற்று நேரத்தில் ததேயுஸ் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு மாதத்துக்குப் பிறகு முழுசாக ஒரு மூச்சு இழுத்தார்.

“காத்து உள்ள போவுது மக்கா” என்று தெய்வநாயகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

செசிலி கூடையோடு உள்ளே வந்தாள். பதினெட்டு விளமீன். டாக்டரம்மா கூடையைப் பார்த்தார், தலையசைத்தார், கை கழுவப் போய்விட்டார்.

கூடையைத் தூக்க வந்த ஆயா நேசம்மாளிடம் தெய்வநாயகம், “பாவம் அந்தம்மா, நாக்கு அப்பிடி. மைனஸுன்னு வரமாட்டேங்குது. நான் கத்தினதால வந்த வினை” என்றார்.

நேசம்மாள் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

“நீரு புதுசுல்லா, அதான் தெரியல. வயக்காட்டு ஆளுவ வந்தா அம்மா மைனஸுன்னுதான் சொல்லுவாவ. கடக்கரை ஆளுவ வந்தாத்தான் மீனுஸ்.”